கரையைத் தொட்டுத் திரும்பியவன்

மாதாகோவில் தெரு,
நீடாமங்கலம் வழி.
18.8.1991

செசிலி அக்கா,

தம்பியைக் கெடுத்தது நீதான். நல விசாரிப்பைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

ஈஸ்டருக்கு நீ அனுப்பிய படங்களை ஜெனித் சுவரில் ஒட்டிவிட்டான். ஒரு வெள்ளைக்காரன் மூக்கு நீண்ட சின்னப் படகுக்குள் இடுப்புவரை செருகிக்கொண்டு, நுரைத்த தண்ணீரில், மேலேயிருந்து தொங்கும் இரண்டு கம்புகளுக்கு நடுவே புகுந்து வருகிறானே, அந்தப் படங்கள். மாதா படத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறான். அம்மா ஜெபமாலை சொல்லும்போது அந்த ஆளையும் சேர்த்துத்தான் கும்பிடுகிறாள். அதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன்.

"இது ஒலிம்பிக் ஆட்டம், நம் நாட்டில் இதை ஆடுவார் யாரும் இல்லை" என்று ஒரு வரி எழுதினாய். நீ மறந்திருப்பாய். அவன் மறக்கவில்லை. "யாருமே இல்லன்னா மொத ஆளு நாந்தானேக்கா" என்கிறான்.

மன்னார்குடி காலேஜில் கடைசி வருஷப் பரீட்சை எழுதவில்லை. எழுதுகிறான் என்று நாங்கள் இங்கே நம்பிக்கொண்டிருந்தோம். அவன் அதிராம்பட்டினத்தில், ஃபைபரில் மீன்பிடிப் படகு செய்யும் மூஸா பாய் பட்டறையில் இருந்தான். கோடை முழுக்க அவரிடம் வேலை பார்த்து, கூலிக்குப் பதில் நீ அனுப்பிய படத்தைக் காட்டி அதே மாதிரி ஒரு படகு வாங்கிவிட்டான். மூஸா பாய் கேட்டாராம், "ஏன் தம்பி, வலை வைக்க எடமில்ல, மீனு போட எடமில்ல, ஆளே பாதிதான் உள்ள போறான். இதுல போயி என்னத்தைப் புடிப்ப?" இவன், "தங்கம் பாய்" என்றானாம்.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. வாய்க்கால் பிரியும் தலைப்பில் ஷட்டரைத் தூக்கினால் கீழே தண்ணீர் கொதிக்குமே, அந்த இடத்தில் குறுக்கே கயிறு கட்டி, மூங்கில் கழிகளைத் தொங்கவிட்டு, பச்சையும் சிவப்பும் அடித்து வைத்திருக்கிறான். நாள் பூராவும் அதில் உருளுகிறான். ஷட்டரைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் தியாகேசன் கரையில் நின்று கத்துகிறார்: "டேய், நீ செத்தா நாந்தான்டா ரிப்போட்டு எழுதணும். எனக்கு எழுத்து வராது. கொஞ்சம் தள்ளிப் போயி சாவுடா."

நான் நீடாமங்கலத்தில் புதிதாகத் தொடங்கிய இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எம்.ஏ. படித்தவளுக்கு ஆயாவுக்குக் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூட. நாடே திறந்துவிட்டது, இனி எல்லாருக்கும் வேலை என்று பேப்பரில் எழுதுகிறார்கள். எங்கள் தெருப் பக்கம் திறந்தது தலைப்பு ஷட்டர் மட்டும்தான். இவன் ஒருத்தனாவது டிகிரி வாங்கி ஒழுங்காக ஓர் இடத்தில் உட்காருவான் என்று அப்பா காத்திருந்தார்.

இந்த ஆட்டம் நமக்கில்லை என்று நீயே அவனுக்கு எழுது. இங்கே எல்லாருக்கும் உடம்பு சௌகரியம். அப்பாவுக்கு மட்டும் முட்டிவலி. நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா?

ஷீபா


ஆக்ஸ்பர்க்,
ஜெர்மனி.
10.9.1991

மரியே வாழ்க.

அன்புத் தங்கை ஷீபாவுக்கு, கர்த்தர் கிருபையால் நான் நலம். நம் அப்பா, அம்மா, தம்பி, நீ எல்லாரும் நலமாயிருக்க தினமும் வேண்டுகிறேன். அப்பா முட்டிக்கு வேப்பெண்ணெய் தடவச் சொல்.

உன் கோபம் புரிகிறது. ஆனால் தம்பி தனியாக எழுதிக் கேட்டிருப்பதையும் சொல்ல வேண்டும் இல்லையா? கன்னியர் நாங்கள் பார்த்துக்கொள்ளும் முதியோர் இல்லத்தில் ஒருவர் இருக்கிறார். 1972 ஒலிம்பிக்கில் இந்த ஊர்க் கால்வாயில் கம்பு பார்க்கும் நடுவராக உட்கார்ந்தவர். அந்தப் படங்கள் அவர் கொடுத்தவை. முதலில் ஸ்விட்சர்லாந்துக்காரர்கள்தான் பனிச்சறுக்கைப் பார்த்து, அதே மாதிரி தண்ணீரில் செய்தால் என்ன என்று இதை ஆரம்பித்தார்களாம். ஒலிம்பிக்கில் முதன்முதல் வைத்தது இங்கேதான். ஆற்றிலிருந்து வரும் கால்வாயைக் கான்கிரீட்டில் வளைத்து வளைத்துக் கட்டி, பாறை மாதிரி மேடுகள் வைத்தார்கள். பச்சைக் கம்புக்குள் தண்ணீரோடு இறங்க வேண்டும். சிவப்புக் கம்புக்குள் தண்ணீரை எதிர்த்து மேலே ஏறி வர வேண்டும். கம்பு உடம்பில் பட்டால் தண்டனை, ஒன்றை விட்டால் பெரிய தண்டனை.

அந்த வருஷம் நாலு தங்கம். நாலையும் கிழக்கு ஜெர்மனிக்காரர்களே கொண்டுபோய்விட்டார்கள். முந்தைய வருஷம் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போய், தங்கள் ஊரில் இதே மாதிரி கால்வாய் கட்டிப் பழகிக்கொண்டு வந்தார்களாம். அந்தப் பெரியவருக்கு இன்றைக்கும் ஆறவில்லை. கேட்டுச் சிரித்தேன்.

தம்பியை வையாதே. அவனுக்கு இந்த வயசில் ஏதாவது ஒன்று வேண்டும்.

என் முகவரி மாறியிருக்கிறது, மேலே பார்த்து எழுது. பழைய முகவரிக்கு எழுத வேண்டாம். சபையில் இடமாற்றம்.

கிறிஸ்துவில் அன்புள்ள,
செசிலி


மாதாகோவில் தெரு,
4.12.1991

அக்கா,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. ஜெனித்தை ஸ்டேஷனில் அடித்துவிட்டார்கள். இடது காது கேட்கவில்லை.

நடந்தது இதுதான். இந்த வருஷம் முறைத் தண்ணீர். ஒரு வாரம் நம் வாய்க்காலுக்கு, ஒரு வாரம் கடைமடைக்கு. கடைமடை முறை நடக்கும்போது கோவிந்தராசு பண்ணை ஆட்கள் வழக்கம்போல ஷட்டரைத் தூக்கித் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். எல்லா வருஷமும் செய்வதுதான், யாரும் கேட்டதில்லை. இந்தத் தடவை கடைமடை ஆட்கள் சும்மா இல்லை. சம்பா கருகுது என்று கூட்டமாக வந்துவிட்டார்கள். உடனே கோவிந்தராசு கையைக் காட்டினார்: "அந்த மாதாகோவில் தெருப் பய, படகு வுடுறதுக்குத் தண்ணி வேணும்னு ஷட்டரைத் தூக்கிட்டான்யா."

நம்பிவிட்டார்கள், அக்கா. கடைமடை ஆட்கள் யார்? நம் மாதிரி ஆட்கள்தான். பாதிப் பேர் நம் சொந்தம். ஆனால் பண்ணையார் திருடினார் என்பதைவிட, நம் தெருப் பையன் திமிரில் விளையாடினான் என்பது நம்ப எளிது. மூங்கிலை வெட்டி எறிந்தார்கள். போலீஸ் வந்தது. அரசு உடைமையைச் சேதப்படுத்தியதாக வழக்கு.

தியாகேசனுக்கு எல்லாம் தெரியும். ஷட்டர் சாவியை வாங்கிக்கொண்டு போனது யார் என்று தெரியும். அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். "ஷீபா, எனக்கு இன்னும் மூணு வருஷ சர்வீஸ் இருக்கும்மா" என்றார். "அவனுக்கு அறுபது வருஷம் இருக்குங்களே" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டார்.

படகு சாட்சிப் பொருளாம். ஸ்டேஷன் வாசலில் கிடக்கிறது. ஏட்டு அதில் மழைத்தண்ணீர் பிடித்துக் கை கழுவுகிறார்.

அப்பாவின் குத்தகை நிலம் கோவிந்தராசுவுடையது. என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜெனித் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். போன வாரம் அரளி விதையை அரைத்துக்கொண்டிருந்தான், அம்மா பார்த்துத் தட்டிவிட்டாள். எலிக்கு என்றான். நம் வீட்டில் எலி தின்ன என்ன இருக்கிறது?

அவனை இங்கிருந்து எடு. எப்படியாவது எடு. நீ கன்னியர் சபையில் இருக்கிறாய், உங்களுக்குப் பெரிய இடத்தில் ஆள் இருக்கும். ஒரு அழைப்புக் கடிதம் போதும்.

ஷீபா


ஆக்ஸ்பர்க்,
6.1.1992

மரியே வாழ்க.

அன்புத் தங்கைக்கு, மூன்று ராஜாக்கள் திருநாள் வாழ்த்து. இங்கே பனி. தம்பி காதுக்கு மன்னார்குடியில் நல்ல டாக்டரிடம் காட்டு.

அழைப்புக் கடிதம் சபை வழியாகக் கிடைக்காது. ஏன் என்று கேட்காதே. தெரிந்த ஒருவர் இருக்கிறார், இலங்கைக்காரர், நம் ஆட்களை மாஸ்கோ வழியாகக் கொண்டுவருகிறார். இப்போது ரஷ்யா உடைந்துபோனதால் அந்த வழி சுலபம் என்கிறார். அவருடைய ஆள் திருச்சியில் தம்பியை வந்து பார்ப்பார். பாஸ்போர்ட் மட்டும் எடுத்து வைக்கட்டும். பங்குச் சாமியாரிடம் இதைச் சொல்ல வேண்டாம். சபைக்கும் எழுத வேண்டாம்.

தம்பியிடம் இதைச் சொல். 72க்குப் பிறகு அந்த ஆட்டத்தை ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆற்றைக் கட்ட ரொம்பச் செலவு என்று அடுத்த ஊர்கள் எதுவும் கட்டவில்லை. இருபது வருஷம். அதற்குள் எத்தனை பேருக்கு வயசு போயிருக்கும்! இந்த வருஷம்தான் ஸ்பெயினில் மறுபடி வைக்கிறார்கள். நம் பிள்ளையும் அந்த நேரத்தில் இங்கே வந்துவிடுவான். இந்தக் கால்வாயிலேயே துடுப்புப் போடலாம். இங்கே யாரும் அவனை எந்தத் தெரு என்று கேட்க மாட்டார்கள்.

அம்மாவுக்கு முத்தங்கள்.

செசிலி


மாஸ்கோ,
20.3.1992

அன்புள்ள ஷீபாக்காவுக்கும் அப்பா அம்மாவுக்கும், நான் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்டால் பதில் போட முகவரி இல்லை, அதனால் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஒரு அறையில் பதினோரு பேர். பட்டுக்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருத்தர் இருக்கிறார், செல்லதுரை அண்ணன். மளிகைக் கடை வைத்து நொடித்தவர். சாதம் வடிப்பது அவர், பாத்திரம் கழுவுவது நான். ஜன்னலைத் திறந்தால் மூக்குக்குள் முடி உறைகிறது. "தம்பி, நம்மூரு வெயிலை ஒரு டப்பாவுல அடைச்சுக் கொண்டாந்திருந்தா இங்க ராசாவா இருக்கலாம்டா" என்கிறார்.

ஏஜெண்ட் ஆள் எங்களை எண்ணிவிட்டுப் போவான், எண்ணிவிட்டு வருவான். பேசமாட்டான். பாஸ்போர்ட் அவனிடம் இருக்கிறது. அடுத்து போலந்தாம். அங்கிருந்து ஓர் ஆறு தாண்டினால் ஜெர்மனியாம். ஆறு என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்ற பத்துப் பேருக்கும் முகம் வெளுத்துவிட்டது.

காது பரவாயில்லை. அம்மா அழ வேண்டாம்.

ஜெனித்


மாதாகோவில் தெரு,
27.4.1992

அக்கா,

ஈஸ்டர் பூசை முடிந்து பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டார். "ஒங்க அக்கா சபையை விட்டுப் போயி ஒன்றரை வருஷம் ஆவுது. வீட்டுக்குத் தெரியும்னுல்ல நெனைச்சேன்?" என்றார். திருச்சியில் உங்கள் மதர் சொன்னாராம்.

கோவில் வாசலில் அத்தனை பேர் பார்க்க நின்றேன். முதியோர் இல்லம், சபையில் இடமாற்றம், எல்லாம் பொய். சபையை விட்டதற்கு உன்னை நான் குறை சொல்ல மாட்டேன். பதினேழு வயசில் உன்னைக் கேட்காமல் அனுப்பினார்கள். வீட்டில் ஒரு வாய் குறைந்தது, தெருவில் ஒரு கௌரவம் கூடியது. அது எனக்குத் தெரியும்.

ஆனால் உன்னை நம்பித்தான் ஜெனித்தை விமானம் ஏற்றினோம். அங்கே அவனை வாங்கிக்கொள்ள நீ யார்? எங்கே இருக்கிறாய்? உன் காலுக்குக் கீழே தரை இருக்கிறதா?

மாஸ்கோவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதற்கப்புறம் இல்லை. அப்பா தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு ரோட்டில் போய் நிற்கிறார். குத்தகை போய்விட்டதால் அவருக்கு வேறு வேலை இல்லை.

நலமா என்று கேட்கிறேன். இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

ஷீபா


ஆக்ஸ்பர்க்,
16.5.1992

ஷீபா,

உண்மைதான். ஒரு ஓட்டலில் படுக்கை விரிப்பு துவைக்கிறேன். கால்வாய்க்குப் பக்கத்து ஓட்டல். அந்தப் பெரியவர் உண்மை, அவர் சொன்ன கதைகளும் உண்மை. இல்லத்தில் இருந்தபோது கேட்டவை. நான் அங்கே இப்போது இல்லை, அவ்வளவுதான்.

சபையை விட்டதும் என் விசாவும் போய்விட்டது. போலீஸ்காரரைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். பத்து வருஷம் நோயாளிகளைக் கழுவினேன், ஜெபம் சொன்னேன். ஒருநாள் முடியவில்லை. அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

அம்மாவிடம் சொல்லாதே. "கன்னியர் அம்மா" என்று அவளைத் தெருவில் கூப்பிடுவார்களே, அதை அவளிடமிருந்து எடுத்துவிடாதே.

தம்பி போலந்து வந்துவிட்டான். இன்னும் கொஞ்ச நாள்தான். அவனுக்குப் போட ஒரு கம்பளிச் சட்டை பின்னி வைத்திருக்கிறேன்.

செசிலி


போலந்து,
14.6.1992

ஷீபாக்கா,

சுகம். இந்தக் கடிதத்தைக் கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்து அனுப்புகிறேன், வந்து சேர்ந்தால் அதிர்ஷ்டம்.

ஆற்றின் பெயர் நைசே. நம் ஆறு அகலம்கூட இல்லை. ஆனால் குளிர். கை வைத்தால் எலும்பில் ஏறும். எதிர்க்கரையில் மரம், மரத்துக்குப் பின்னால் வயல், அது ஜெர்மனி. நம்மூர் வயல் மாதிரி பச்சை. வரப்பு மட்டும் இல்லை.

நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன். வந்த அன்றைக்கு எட்டுப் பேரை ரப்பர் படகில் ஏற்றினான் ஏஜெண்ட் ஆள். துடுப்புப் போட்டவனுக்கு ஒன்றும் தெரியவில்லை, படகு சுற்றிக்கொண்டே கீழே போனது. ஒரு பெண் அலறினாள். கரையிலிருந்து பார்த்துக்கொண்டு என்னால் சும்மா நிற்க முடியவில்லை. குதித்து நீந்திப் போய்த் துடுப்பை வாங்கி, எல்லாரையும் அக்கரையில் சேர்த்தேன். சேர்த்துவிட்டு, படகை அப்படியே விடக்கூடாதே என்று திரும்பக் கொண்டுவந்து கொடுத்தேன். மூஸா பாய் படகாக இருந்தால் எப்படிக் கொடுத்திருப்பேனோ அப்படி. ஏஜெண்ட் ஆள் முதன்முதலாகச் சிரித்தான். முதுகில் தட்டினான்.

அன்றிலிருந்து நான்தான் படகோட்டி. புதிது புதிதாக ஆட்கள் வருகிறார்கள். நான் கொண்டுபோய் விடுகிறேன். அவர்கள் இறங்கி ஓடுகிறார்கள். நான் திரும்புகிறேன். ஜெர்மனி மண்ணை ஒவ்வொரு தடவையும் கையால் தொடுகிறேன் அக்கா. ஈரமாக, சாதாரண மண்ணாகத்தான் இருக்கிறது. அப்படியே ஓடிவிடலாம்தான். பாஸ்போர்ட் அவனிடம். அதுகூடப் போகட்டும். நான் ஓடினால், எங்களோடு கொட்டகையில் காத்திருக்கிறவர்களை அன்றைக்குத் துடுப்புப் போட்டவனை வைத்தே அனுப்புவேன் என்கிறான். அதில் குழந்தைகள் இருக்கின்றன.

செல்லதுரை அண்ணன் என்னை விட்டுப் போகமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார். "ஒன்ன மாதிரி ஏமாளிய தனியா வுட்டுட்டுப் போனா எனக்குச் சோறு எறங்காதுடா" என்கிறார். அடுத்த மாதம் எங்களை விட்டுவிடுவானாம். ஒலிம்பிக் ஆகஸ்டில்தானே. செசிலி அக்கா ஓட்டலில் வேலை பார்ப்பதாக ஏஜெண்ட் ஆள் சொன்னான், அங்கே டி.வி.யில் பார்த்துவிடுவேன்.

தண்ணீர் திறந்துவிட்டார்களா? அப்பாவுக்கு வேறு எங்காவது குத்தகை கிடைத்ததா?

ஜெனித்


ஆக்ஸ்பர்க்,
5.8.1992

மரியே வாழ்க.

அன்புத் தங்கை ஷீபாவுக்கு, நான் நலம். அங்கே அனைவர் நலத்தையும் அன்னை காப்பாளாக.

இங்கே ஊரே கொண்டாட்டமாக இருக்கிறது. போன சனி ஞாயிறு ஒலிம்பிக்கில் படகு ஆட்டம் நடந்தது. பார்சிலோனா நகரத்தில் இல்லை, தூரத்தில் மலைக்குள் ஒரு சின்ன ஊர். அங்கே ஆற்றுக்குப் பக்கத்தில் இந்தக் கால்வாய் மாதிரி கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் போதவில்லை என்றால் கீழே போனதைப் பம்ப் வைத்து மறுபடி மேலே ஏற்றிவிடுவார்களாம். பெண்கள் போட்டியில் ஜெர்மனிக்குத் தங்கம், அதுவும் இந்த ஆக்ஸ்பர்க் பெண்ணுக்கு! இந்தக் கால்வாயில் பழகினவள். ஓட்டலில் சமையல்காரர்கள்கூட டி.வி. முன்னால் நின்று கத்தினார்கள். எனக்கும் ஒரு கிண்ணத்தில் கேக் கொடுத்தார்கள். இருபது வருஷம் இல்லாமல் இருந்தது, இப்போது நிரந்தரமாக வைப்பார்களா, நாலு வருஷம் கழித்து அமெரிக்காவில் இருக்குமா என்று எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் நிஜ ஆற்றிலேயே வைக்கப் பார்க்கிறார்களாம்.

படகு கம்புக்குள் நுழையும்போது அவர்கள் உடம்பைப் பாம்பு மாதிரி வளைக்கிறார்கள். கம்பு அசையக்கூட இல்லை. தலைகீழாகக் கவிழ்ந்தவர்கள்கூட ஒரே சுழற்றலில் நிமிர்ந்துவிடுகிறார்கள். கவிழ்வது ஒரு பெரிய விஷயமே இல்லை அவர்களுக்கு. அதைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கவிழ்ந்தால் நிமிர்ந்துவிடுகிறார்கள்.

வெயில் நல்ல வெயில். அப்பா வெயிலில் அலைய வேண்டாம்.

செசிலி


மாதாகோவில் தெரு,
22.8.1992

அக்கா,

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். எவள் ஜெயித்தாள், சமையல்காரன் எப்படிக் கத்தினான், உனக்கு என்ன கேக் கொடுத்தார்கள், எல்லாம் இருக்கிறது. ஜெனித் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை.

அம்மா கேட்கிறாள் என்று கடிதத்தை வாசித்தேன். முடித்ததும், "தம்பி ஒண்ணா ஒக்காந்து டி.வி. பாத்தானாமா?" என்றாள். "ஆமாம்மா" என்றேன். உன்னால் நானும் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

ஜூன் கடிதத்துக்கு அப்புறம் அவனிடமிருந்து ஒன்றுமில்லை. திருச்சி ஆள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான். ஜெனித் எங்கே?

ஒரு வார்த்தை போதும். வந்தான், வரவில்லை. இரண்டில் ஒன்று எழுது.

ஷீபா


ஆக்ஸ்பர்க்,
17.9.1992

ஷீபா,

ஜூலைக் கடைசியில் செல்லதுரை என்பவர் ஓட்டல் பின்வாசலில் வந்து நின்றார். கம்பளிச் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் மட்டும்தான் இருந்தார்.

அன்றைக்கு மழை. மேலேயிருந்து மரமெல்லாம் அடித்துக்கொண்டு வந்ததாம். தம்பி வேண்டாம் என்றானாம். ஏஜெண்ட் ஆள் கேட்கவில்லை. பன்னிரண்டு பேரை ஏற்றிவிட்டான். நடு ஆற்றில் மிதந்து வந்த மரத்தில் மாட்டிப் படகு கவிழ்ந்தது. தம்பி மூன்று பேரைக் கரைக்கு இழுத்தானாம், செல்லதுரையும் அதில் ஒருவர். "அண்ணே, நீங்க ஓடுங்க, தண்ணியில அந்தம்மா கூப்புடுது" என்று சொல்லிவிட்டு மறுபடி இறங்கினானாம். அப்போது கரையில் டார்ச் வெளிச்சம் வந்தது. செல்லதுரை ஓடிவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லையாம். என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

தம்பி நீச்சல்காரன். அந்தப் பக்கக் கரைக்குப் போயிருப்பான். போலந்துப் போலீஸ் பிடித்து வைத்திருக்கலாம். நான் அப்படித்தான் நினைக்கிறேன். நினைத்துக்கொண்டுதான் ஆகஸ்டில் உனக்கு எழுதினேன்.

அந்த ஆற்றங்கரைக் கிராமங்களில் பெயர் தெரியாதவர்களை அடக்கம் செய்து, சிலுவையில் தேதி மட்டும் போடுகிறார்கள் என்று ஒருவர் சொன்னார். போலீஸில் போய்க் கேட்டால் அடையாளம் காட்டச் சொல்வார்கள். நீ யார், உன் காகிதம் எங்கே என்பார்கள். அன்றைக்கே என்னைப் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே வந்து நான் என்னவாக இருப்பேன், ஷீபா? சபையை விட்டவள், தம்பியை விட்டவள்.

அவனை எடு என்று எழுதியது நீ. எடுத்தது நான். அது மட்டும் உனக்கு ஞாபகம் இருக்கட்டும்.

செசிலி


மாதாகோவில் தெரு,
5.11.1992

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுதினேன். மறு வாரம் இன்னொன்று எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. அதனால் இது.

எடு என்று எழுதியது நான்தான். மறக்கவில்லை. அதைச் சொல்லி நீ வாயை மூடிக்கொள்ள முடியாது.

மூன்று நாளைக்கு முன்னால் கல்லறைத் திருநாள். காலையில் எல்லாரும் இறந்தவர்கள் பெயரைச் சீட்டில் எழுதிச் சாமியாரிடம் கொடுத்தார்கள். பூசையில் வாசிப்பார், உனக்குத் தெரியும். அப்பா என்னிடம் கேட்காமல், தன் கையெழுத்திலேயே "ஜெனித், த/பெ மரியஅந்தோணி" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை அக்கா. உன் கடிதத்தைப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். ரோட்டில் நின்று நின்று அவரே முடிவுக்கு வந்துவிட்டார்.

சாமியார் பெயரை வாசித்ததும் அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். "எம்புள்ள பேர வாசிக்காதீங்க சாமி! அவன் சீமையில இருக்கான்!" பீடத்துக்குப் போய் அவர் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கிக் கிழித்தாள். பூசை நின்றுவிட்டது. அப்பா ஆண்கள் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தார். அம்மா அவர் முன்னால் போய், "பெத்தவன்தானாய்யா நீ?" என்று கேட்டாள். அன்றிலிருந்து இரண்டு பேரும் பேசுவதில்லை. ஒரே வீட்டில் இரண்டு பானை கொதிக்கிறது.

மறுநாள் சாமியாரிடம் போனேன். அப்பா ஆன்மா இளைப்பாற்றிப் பூசை கேட்டிருக்கிறார். அம்மா பயணம் போனவனுக்காகப் பூசை கேட்டிருக்கிறாள். "ரெண்டையும் நான் எப்படிம்மா வைக்க முடியும்? உயிரோட இருக்கானா இல்லையான்னு யாராவது ஒருத்தர் எங்கிட்ட சொல்லணும்ல?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. பதில் சொல்ல வேண்டியவள் நான் இல்லை.

நீ பயப்படுவது எனக்குத் தெரிகிறது. பிடித்து அனுப்பிவிடுவார்கள். அனுப்பட்டும். வா. தெருவில் என்ன சொன்னாலும் நான் பக்கத்தில் நிற்கிறேன். சபையை விட்டவள் என்று உன்னை ஒருத்தி வாசலில் நின்று கேட்கட்டும், அவளுக்கு நான் பதில் சொல்கிறேன். உனக்கு ஒரு பாயும் ஒரு தட்டும் இங்கே இருக்கிறது. ஆனால் கையை வீசிக்கொண்டு வராதே.

முதலில் அந்த ஆற்றங்கரைக்குப் போ. போலீஸ் ஸ்டேஷனுக்குள் ஏறு. ஜெனித், இருபத்தோரு வயசு, கறுப்பு, சராசரி உயரம், இடது காது கேட்காது, வலது தோளில் அம்மை ஊசித் தழும்பு என்று சொல். அக்கரைப் போலீஸில் இருக்கிறானா என்று கேள். இல்லையென்றால் கல்லறைக்கு ஒரு கல்லறையாகக் கேள். தேதி மட்டும் போட்ட சிலுவைகளில் ஜூலை மாதத்துச் சிலுவை முன்னால் நின்று, தோண்டிக் காட்டச் சொல். நீ அவனுக்கு அக்கா. உன்னைத் தவிர அவனை அடையாளம் தெரிந்தவர் அந்தக் கண்டத்திலேயே யாரும் இல்லை.

பார்த்துவிட்டு எனக்கு எழுது. நலம் விசாரிக்க வேண்டாம், மரியே வாழ்க வேண்டாம். எந்தப் பூசை என்று மட்டும் எழுது.

ஷீபா